பனியில் கூடும் யானைகள்

ஜெர்மனியின் 'எலிஃபான்டன்ட்ரெஃபன்', அதாவது யானைச் சந்திப்பு, கடுங்குளிரில் வேண்டுமென்றே நடத்தப்படும் மோட்டார் சைக்கிள் கூட்டம். 1956-இல், ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே சாலிட்யூட் பந்தயப் பாதையை ஒட்டிய கிளெம்செக்கில் அது தொடங்கியது. அழைப்பு விடுத்தவர் எர்ன்ஸ்ட் லெவர்குஸ். 'கிளாக்ஸ்' என்ற புனைபெயரில் எழுதிவந்த மோட்டார் சைக்கிள் பத்திரிகையாளர் அவர். வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ இருபது பேர்தான். ட்சுண்டாப் கேஎஸ் 601 வைத்திருந்தவர்கள். 597 சிசி பாக்ஸர் எஞ்சினும் 28 குதிரைத்திறனும் கொண்ட அந்தக் கனத்த நியூரம்பெர்க் வண்டிக்குப் 'பச்சை யானை' என்று பட்டப்பெயர். கூட்டத்தின் பெயரும் அங்கிருந்து வந்ததே.

அந்தக் காலத்தை நினைவில் கொள்ளாமல் இந்த வழக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது. போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனியில் கார் வாங்க வசதியில்லாத பல குடும்பங்களுக்கு சைடுகார் பூட்டிய மோட்டார் சைக்கிளே ஒரே வாகனம். மழையோ பனியோ, வேலைக்குப் போக வேண்டியவர் அதில்தான் போனார். 1950-களின் நடுவில் நிலைமை மாறியது. 1955 ஆகஸ்டில் பத்து லட்சமாவது ஃபோக்ஸ்வேகன் பீட்டில் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. இசெட்டா, கோகோமொபில் போன்ற குட்டிக் கார்களும் அதே காலத்தில் வந்தன. தலைக்கு மேல் கூரை கிடைத்ததும் மக்கள் இருசக்கர வண்டியைக் கைவிட்டார்கள். ட்சுண்டாப் நிறுவனமும் 1958-இல் நியூரம்பெர்க்கை விட்டு மியூனிக்குக்கு நகர்ந்து சிறு வண்டிகளில் கவனம் செலுத்தியது. குளிரில் வண்டி ஓட்ட வேண்டிய கட்டாயம் விலகிய வேளையில்தான் விரும்பி ஓட்டுபவர்கள் ஒன்றுகூடினார்கள். கட்டாயத்தில் கற்ற அறிவு அழியாமல் நின்றதற்கு இந்தக் கூட்டமும் ஒரு காரணம்.

அந்த அறிவு எளிதானதல்ல. குளிரைக் கொடிதாக்குவது காற்று. பால் சிப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இருவர் அண்டார்க்டிகாவில் சோதித்து 1945-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முதன்முதலில் கணக்குப் போட்டது. இன்றைய சூத்திரப்படி, மைனஸ் 10 டிகிரியில் 80 கிலோமீட்டர் வேகக் காற்று படும் தோல், காற்றில்லாத மைனஸ் 24 டிகிரியில் இருப்பதுபோல் வெப்பத்தை இழக்கிறது. முதலில் மரத்துப்போவது விரல்கள். மரத்த விரலால் பிரேக்கையும் கிளட்சையும் அளந்து பிடிக்க முடியாது. ஆபத்து அங்கே தொடங்குகிறது. ஆகவே கைப்பிடிகளுக்கு உறை மாட்டினார்கள். சட்டைக்குள் மார்பை மறைத்துச் செய்தித்தாள் செருகினார்கள். பாக்ஸர் எஞ்சினின் சிலிண்டர்கள் இருபுறமும் நீட்டிக்கொண்டிருப்பதால் காலுக்குக் கொஞ்சம் சூடு கிடைத்தது. வழுக்கும் பனிக்கட்டியில் மூன்றாவது சக்கரம் வண்டியைச் சாயவிடாது என்பதால் குளிர்காலத்துக்கு சைடுகாரே ஏற்றது.

உலர்ந்த பனியைவிட உறைநிலையை ஒட்டிய மழை கொடியது. பனியைத் தட்டிவிடலாம், நனைந்த துணியோ உடற்சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தோல் உடுப்பு நீரைக் குடித்துக் கனக்கும். மெழுகு பூசிய பருத்தி உடை அந்த நாளில் நல்ல காப்பு. ஆலங்கட்டி மழையின் தொல்லை வேறு வகை. முகத்தையும் விரல் கணுக்களையும் அடிப்பதோடு, தரையில் உருண்டு டயரின் பிடிப்பையும் பறித்துவிடும். பாலத்தின் அடியில் ஒதுங்கிக் காத்திருப்பதே அதற்கு மருந்து.

1961-இல் கூட்டம் ஐஃபெல் மலைப்பகுதியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்துக்கு இடம்பெயர்ந்தது. இருபது பேர் ஆயிரக்கணக்கானோர் ஆனார்கள். எல்லா வகை வண்டிகளும் வந்தன. சாலையில் உயிர்விட்ட தோழர்களுக்காகத் தீப்பந்தம் ஏந்தி அஞ்சலி செலுத்தும் வழக்கம் இந்தக் கூட்டத்தின் உள்ளத்தைக் காட்டுவது. இதன் புகழ் எல்லை கடந்து, 1962-இல் வேல்ஸின் ஸ்னோடோனியா மலைகளில் 'டிராகன் ராலி' என்ற குளிர்காலக் கூட்டமும் தொடங்கியது. பெருகிய கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது கடினமானபின், 1970-களின் இறுதியில் யானைச் சந்திப்பு நூர்பர்க்ரிங்கை விட்டு ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்ரிங்குக்கு மாறியது. 1989 முதல் பவேரியக் காட்டில் துர்மான்ஸ்பாங்குக்கு அருகே உள்ள சொல்லா பள்ளத்தாக்கில் நடக்கிறது. நடத்துவது 1958-இல் உருவான ஜெர்மன் மோட்டார் சைக்கிளோட்டிகள் கூட்டமைப்பு.

இதற்கிடையே கருவிகள் மாறின. 1970-களில் சந்தைக்கு வந்த கோர்-டெக்ஸ் துணி, மழையை வெளியே நிறுத்தி வியர்வையாவியை மட்டும் வெளியேற்றியது. மின்சாரத்தால் சூடாகும் கைப்பிடியும் உள்ளாடையும் வந்தன. சொல்லாவின் இரவை மட்டும் அவை மாற்றவில்லை. வந்தவர்கள் பனிமேல் வைக்கோல் பரப்பிக் கூடாரம் அடிக்கிறார்கள்; விறகு மூட்டிச் சமைக்கிறார்கள். ஜெர்மானியரோடு இத்தாலியரும் பெருமளவில் வருகிறார்கள். வீட்டிலேயே வெட்டி ஒட்டிச் செய்த சைடுகார்களை இங்கே நிறையப் பார்க்கலாம். நூர்பர்க்ரிங்கை விட மனமில்லாத பழையவர்களின் 'பழைய யானைச் சந்திப்பு' தனியே அந்தத் தடத்தில் கூடியது.