நிறுத்தக்கூடிய சிகிச்சை: டூரெட் நோயும் ஆழ்மூளைத் தூண்டலும்

1825ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் இத்தார், உயர்குடிப் பெண்மணி ஒருவரின் நோயைப் பதிவுசெய்தார். ஏழு வயதில் அவருடைய கைகள் தாமாக வெட்டி இழுக்கத் தொடங்கின. பின்னர்ப் பேச்சின் நடுவே, அவர் விரும்பாத கூச்சலும் இழிசொற்களும் எழுந்தன. 1885இல் டூரெட் என்னும் மருத்துவர் இத்தகைய ஒன்பது நோயாளரைப் பற்றி எழுதினார். அப்பெண்மணியும் அவர்களுள் ஒருவர். அந்நோய்க்கு டூரெட்டின் பெயரையே அவர்தம் ஆசான் ஷார்க்கோ சூட்டினார்.

பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. உள்ளத்தின் கோளாறு என்றே பலரும் நெடுங்காலம் எண்ணினர். 1960களில் ஹாலோபெரிடால் என்னும் மருந்து அசைவுகளைத் தணித்தபோதுதான், வேர் மூளையில் உள்ளது என்னும் கருத்து வலுப்பெற்றது. எனினும் அம்மருந்து எல்லாருக்கும் பயன்தரவில்லை.

1970இல் ஜெர்மானிய மருத்துவர்களான ஹாஸ்லரும் டீக்மனும் மூன்று நோயாளரின் மூளையில், தாலமசு என்னும் பகுதியின் சில புள்ளிகளைச் சுட்டழித்து, அசைவுகள் குறைந்தன என அறிவித்தனர். ஆனால் சுட்ட திசு மீளாது. பேச்சோ நடையோ குன்றினால், செய்ததைத் திருப்ப மருத்துவருக்கு வழியில்லை.

அவ்வழியைத் திறந்தது வேறொரு நோய். நடுக்கத்தால் துன்புற்றோரின் தாலமசில் மின்முனை பொருத்தி, நொடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மின்துடிப்புகளைச் செலுத்தினால் நடுக்கம் அடங்குவதை, 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபீ குழுவினர் காட்டினர். மின்னோட்டத்தை நிறுத்தினால் நடுக்கம் திரும்பும். நாம் கருதத்தக்க பெரும் மாற்றம் இதுவே. 1999இல் வாண்டவாலே குழுவினர் டூரெட் நோயாளர் ஒருவருக்கு இம்முறையைக் கையாண்டு, லான்செட் இதழில் வெளியிட்டனர். அவர்கள் தேர்ந்த இடம் ஹாஸ்லர் காட்டிய இடமே. சுட்டழிப்பதற்கு மாறாக, மார்புத் தோலின் கீழ்ப் பொருத்திய சிறு கருவி மின்துடிப்பை அனுப்பியது. அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், அணைக்கவும் செய்யலாம்.

2018இல் பத்து நாடுகளைச் சேர்ந்த 185 நோயாளரின் பதிவேடு வெளியாயிற்று. ஓராண்டில் நோயின் கடுமை சராசரியாக ஏறத்தாழ 45 விழுக்காடு குறைந்திருந்தது. மூவரில் ஒருவருக்கு மேல் பக்கவிளைவும் கண்டனர். ஒப்பிடுவதற்குச் சிகிச்சை பெறாத குழு அப்பதிவேட்டில் இல்லை என்பதை மாணவர்கள் மறவாமல் படித்தல் வேண்டும்.

மண்டையோட்டைத் துளைக்கும் சிகிச்சை யாருக்கு உரியது? வகுப்பறையில் கண் சிமிட்டியும் தொண்டையைச் செருமியும் நம்மால் குறும்பரெனக் கடிந்துகொள்ளப்படும் பிள்ளைகளுக்கு அன்று. பதின்பருவம் கடக்கையில் பலருக்கு நோய் தானே தணிகிறது. கழுத்தெலும்பே ஊறுபடும் அளவுக்கு அசைவு கடுமையாகி, மருந்தும் பயிற்சியும் பயன்தராத சிலருக்கே இது பொருந்தும். 2006இல் அமெரிக்க வல்லுநர்கள் 25 வயதைக் கீழெல்லையாகப் பரிந்துரைத்தனர். 2015இல் அவ்வெல்லை நீக்கப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பாதோர்க்கு அறநெறிக் குழுவின் ஆய்வு வேண்டப்பட்டது.