மூன்று பந்துகளும் ஒரு பாதரசக் குழாயும்

இரண்டு வருஷத்துக்கு முன்னாடி அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டோடு ஒரு பிளாஸ்டிக் சாதனத்தையும் கொடுத்தார்கள். மூன்று அறை, மூன்று பந்து, ஒரு குழாய். வாயில் வைத்து உறிஞ்சினால் பந்து மேலே ஏறும். உங்களில் பலர் வீட்டிலும் இது பரண் மேலே கிடக்கலாம். எங்க வீட்டில் அதற்குப் பெயர் ‘பந்து மிஷின்’.

ஒரு மாசம் ஊதி, இழுத்து, பிறகு அது ஃபிரிட்ஜ் மேலே ஏறிவிட்டது. காயம் ஆறியது, நடமாட்டமும் வந்தது. ஆனால் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவது மட்டும் போகவில்லை. கேட்டால், “எழுபத்திரண்டு வயசுல வேற எப்படி இருக்கும்?” என்பார்.

வயசானால் மூச்சு குறையும் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறோம். எது குறைகிறது? நுரையீரலா, அதை இயக்கும் தசையா? இதைத் தேடிப் படித்தபோது எடுத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

கதை 1846-ல் தொடங்குகிறது. ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஸ்பைரோமீட்டர் என்ற கருவியைப் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டார். தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்து வைத்த ஒரு பாத்திரம், அதற்குள் போகும் ஒரு குழாய். முழு மூச்சு இழுத்துக் குழாயில் ஊதினால் பாத்திரம் உயரும். எவ்வளவு உயர்ந்ததோ அதுதான் உங்கள் ‘வைட்டல் கெபாசிட்டி’. இன்றைக்கும் நுரையீரல் சோதனை ரிப்போர்ட்டில் வரும் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். தீயணைப்பு வீரர்கள், போலீஸ்காரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், ஏழைகள், கனவான்கள் என்று இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊத வைத்தார். உயரம் கூடக்கூட அளவு கூடுகிறது, வயசு ஏற ஏறக் குறைகிறது என்று கண்டார். காசநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கவும், ஆயுள் காப்பீட்டுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கவும் இந்தக் கருவி உதவும் என்றார்.

இதே ஹட்சின்சன் இன்னொன்றையும் அளந்தார். பாதரசம் நிரப்பிய குழாயை இணைத்து, ஒருவர் எவ்வளவு விசையோடு மூச்சை இழுக்கிறார், எவ்வளவு விசையோடு வெளியே தள்ளுகிறார் என்று பார்த்தார். வெளியே தள்ளும் விசைதான் அதிகம் என்றும் கண்டார். முதல் கருவி காட்டியது பையின் அளவு. இரண்டாவது காட்டியது அந்தப் பையை இழுத்து விரிக்கும் கையின் பலம். ஒருவரே, ஒரே காலத்தில், இரண்டையும் அளந்திருக்கிறார்!

ஆனால் மருத்துவமனைகளில் வழக்கமாக நிலைத்தது முதல் அளவுதான். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. அந்தக் காலத்துப் பெரிய எமன் காசநோய். அது நுரையீரலையே தின்கிறது, அதனால் கொள்ளளவைப் பார்த்தார்கள். முதல் உலகப் போரில் மார்பில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு லண்டனில் கார்ட்லண்ட் மக்மேஹன் என்பவர் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, 1915-ல் அதைப் பற்றி எழுதினார். அங்கேயும் நோக்கம் சுருங்கிப்போன நுரையீரலை விரிய வைப்பதே.

நுரையீரல் தானாக விரியாது. அதைத் திறப்பது கீழே இருக்கும் உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகளும்தான். இதைக் கொடூரமாக நினைவூட்டியது போலியோ. நுரையீரல் நன்றாக இருக்கும். தசை செயலிழந்ததால் குழந்தை மூச்சுத் திணறிச் சாகும். 1928-ல் பாஸ்டனில் ஃபிலிப் டிரிங்கரும் லூயி ஷாவும் உருவாக்கிய ‘இரும்பு நுரையீரல்’, பெயர் அப்படி இருந்தாலும், செய்தது தசையின் வேலையைத்தான்.

தசையின் பலம் வயசோடு எப்படி மாறுகிறது என்பதற்கு மருத்துவர்கள் இன்றும் சுட்டுவது 1969-ல் வந்த ஆய்வை. மேயோ கிளினிக்கின் பிளாக், ஹையட் இருவரும் 20 முதல் 74 வயதுவரையுள்ள 120 ஆரோக்கியமானவர்களை அளந்தார்கள். ஐம்பதுகளின் நடுப்பகுதிக்கு மேல் விசை இறங்குவது தெரிந்தது. கூடவே விலாக்கூடும் விறைத்துப் போகிறது. அதாவது கதவு இறுகும் நேரத்தில், தள்ளுகிற கையும் தளர்கிறது. மூச்சு வாங்குவது மட்டுமல்ல, சளியை வெளியேற்றும் அளவுக்கு இருமக்கூட பலம் போதாமல் போகலாம்.

சரி, தளர்ந்த கையைப் பயிற்சியால் தேற்றலாம். மூச்சுத் தசையை? 1976-ல் டேவிட் லீத், மார்க் பிராட்லி என்ற இருவர் ஆரோக்கியமான சிலரை வைத்து ஐந்து வாரம் சோதித்தார்கள். விசைக்காகப் பயிற்சி செய்தவர்களுக்கு விசை சுமார் 55 சதவீதம் கூடியது. தாங்குதிறனுக்காகச் செய்தவர்களுக்குத் தாங்குதிறன் கூடியது. கை, கால் தசை கேட்கும் அதே பேச்சைத்தான் மூச்சுத் தசையும் கேட்கிறது என்று அர்த்தம்.

முதியவர்களிடம்? 1988-ல் பெல்மன், கேசர் இருவரும் பார்த்தார்கள். மூச்சுத் தாங்குதிறன் முதியவர்களிடமும் கூடியது. ஆனால் உடற்பயிற்சித் திறன் கூடவில்லை. இதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். தசை பலமானால் படிக்கட்டு தானாகச் சுலபமாகிவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

எதிர்பாராத பலன் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2021-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் டேனியல் கிரெய்க்ஹெட், டக் சீல்ஸ் குழுவினர், ரத்த அழுத்தம் சற்று அதிகமுள்ள 50 முதல் 79 வயதுக்காரர்கள் 36 பேரிடம் சோதித்தார்கள். கடுமையான தடைக்கு எதிராக ஒரு நாளைக்கு 30 மூச்சு, வாரம் ஆறு நாள், ஆறு வாரம். தினம் ஐந்து நிமிஷம்தான் ஆகும். மேல் அழுத்தம் சராசரியாக 9 புள்ளி இறங்கியது. பெயரளவுக்குத் தடை வைத்து இழுத்தவர்களிடம் அந்த இறக்கம் இல்லை. 36 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. இதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது பந்து மிஷினுக்கு வருவோம். இந்த வகைக் கருவியை 1970களில் கொண்டுவந்தவர் ராபர்ட் பார்ட்லெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். ஆபரேஷன் வலியில் மேலோட்டமாகவே மூச்சுவிடுகிறவரை ஆழமாக இழுக்க வைப்பதற்கு. அந்த வேலைக்கு அது சரி. ஆனால் அது ஹட்சின்சனின் முதல் கருவியின் வாரிசு. தசைப் பயிற்சிக்கானது வேறு: உள்ளே ஸ்பிரிங் வைத்த வால்வு இருக்கும். போதுமான விசையோடு இழுத்தால்தான் திறக்கும், இல்லாவிட்டால் காற்றே வராது. ஸ்பிரிங்கை முறுக்கிச் சுமையை ஏற்றலாம். இது பாதரசக் குழாயின் வாரிசு. “இது பிராணாயாமம்தானே?” என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். பிராணாயாமம் மூச்சின் ஒழுங்கு. இது மூச்சால் எடை தூக்குவது.

அப்பா முதலில் செய்ததில் தப்பில்லை. காயம் ஆறும்வரைக்கான கருவியோடு கதை முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்ததுதான் பிசகு. அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேட்டோம். அவர் சோதித்துவிட்டு, குறைந்த சுமையில் ஆரம்பிக்கச் சொன்னார். நீங்களும் கேட்காமல் தொடங்க வேண்டாம். குறிப்பாக நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்றுக் கசிந்தவர்களும், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்களும்.

ஏழு வாரம் ஆகிறது. படியில் இன்னும் நிற்கிறார். இரண்டாவது வளைவில் நின்றவர் இப்போது மூன்றாவதில் நிற்கிறார், அவ்வளவுதான். ஸ்பிரிங்கை ஒரு சுற்று ஏற்றலாமா என்று நேற்று அவரே கேட்டார்.