கழுத்துக்குக் கீழே சாம்பல்

அம்மம்மாவின் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க அட்டைப்படம் ஒன்று தேவைப்பட்டது. நல்ல படம் இருந்தது: முற்றத்துக் கதிரையில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டு சிரிக்கிற படம். லப்டொப்பில் தேடினால் முகம் மட்டும், 300க்கு 300 பிக்சல். இணையத்தில் போட வேணும் எண்டு முகத்தை வெட்டி, சின்னதாக்கி, அதே பெயரிலேயே சேமித்த புண்ணியவான் நான்தான். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்பார்கள். அப்படிப் பார்த்தால் எங்களிடம் இருந்தது ஒரு அங்குல அம்மம்மா. கமரா கார்டையும் எப்போதோ அழித்துவிட்டுத் திரும்பப் பாவித்திருந்தோம்.

மீட்பு மென்பொருள் ஒன்றைப் போட்டு ஒரு இரவு தேடியதில் மூலப்படம் வந்தது. கழுத்துவரைக்கும் அம்மம்மா. அதற்குக் கீழே ரோசாவும் பச்சையுமாய்க் குழம்பின ஒரு பட்டி. மிச்சம் எல்லாம் சாம்பல் நிறம்.

தண்ணி பட்ட பழைய போட்டோ எங்கே வேணுமானாலும் அழியும். டிஜிட்டல் படம் மட்டும் ஏன் ஒரு கோட்டுக்குக் கீழே இப்படிச் சாகுது? இதற்குப் பதில் தேடப்போய்த்தான் வரலாற்றுக்குள் விழுந்தேன்.

கணினிக்குள் போன முதல் போட்டோவும் ஒரு குடும்பப் படம்தான். 1957இல் அமெரிக்கத் தேசிய தர நிர்ணயப் பணியகத்தில் ரசல் கேர்ஷ் தன்னுடைய மூன்று மாத மகன் வோல்டனின் படத்தை ஸ்கான் செய்தார். 176க்கு 176 புள்ளி, மொத்தம் 30,976. அன்றைய கணினியின் நினைவகத்துக்கு அதுவே பெரிய பாரம். இப்போதைய 12 மெகாபிக்சல் படத்தைச் சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 36 மெகாபைற் வரும். ஆக, படத்தைச் சேமிப்பதன் வரலாறு எப்படிச் சுருக்குவது என்கிற வரலாறாகவே போயிருக்கிறது.

அதில் எனக்குப் பிடித்த கட்டம் ஒரு பரீட்சைக் கதை. 1951இல் எம்.ஐ.ரி.யில் றொபேர்ட் ஃபானோ தன் மாணவர்களுக்கு ஒரு தெரிவு கொடுத்தார்: இறுதிப் பரீட்சை எழுது, அல்லது கட்டுரை எழுது. கட்டுரைக்கான கேள்வி, தகவலை மிகக் குறைந்த பிற்றுகளில் எழுதுவது எப்படி என்பது. அதற்குத் தன்னிடமே முழு விடை இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. (எங்கட கம்பஸில் இப்படி ஒருவர் செய்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கோ.) டேவிட் ஹஃப்மன் மாதக்கணக்காக மண்டையை உடைத்து, சரிவராது, பரீட்சைக்கே படிப்போம் என்று குறிப்புகளை எறியப்போன நேரத்தில் வழி தெரிந்தது. அடிக்கடி வருவதற்குக் குட்டிக் குறியீடு, அரிதாக வருவதற்கு நீளக் குறியீடு. 1952இல் அது வெளியானது.

அடுத்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அஹமட். படத்தின் ஒளி மாற்றங்களை அலைகளாகப் பிரிக்கும் ஒரு கணித முறையை ஆராய 1972இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பணம் கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று மதிப்பிட்ட ஒருவர் நினைத்தாராம். அவர் விடவில்லை. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் கட்டுரையை வெளியிட்டார். கண்ணுக்குப் பெரிதாய்த் தெரியாத நுண்மைகளைத் தனியே பிரித்து வீச அந்த முறை இடம் கொடுத்தது. 1986இல் கூடிய ஜேபெக் குழு இந்த இரண்டையும் சேர்த்து, 1992இல் தரநிலையாக்கியது.

ஜேபெக் படத்தை 8க்கு 8 புள்ளிப் பெட்டிகளாக வெட்டுகிறது. மேல் இடது மூலையில் தொடங்கி வரிவரியாக எழுதுகிறது. இடம் மிச்சம் பிடிக்க ஒரு தந்திரமும் உண்டு: ஒவ்வொரு பெட்டியின் சராசரி வெளிச்சத்தையும் நிறத்தையும் முழுதாக எழுதாமல், முந்தின பெட்டியிலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்று மட்டும் எழுதுவது. கடன் கொப்பி மாதிரி, நடுவில் ஒரு கணக்குப் பிழைத்தால் கீழே உள்ள எல்லாம் பிழை. அந்த ரோசா, பச்சை எல்லாம் அங்கிருந்துதான். ஹஃப்மன் குறியீட்டில் எழுத்துக்கு எழுத்து நீளம் வேறு. ஒரு பிற்றுத் தவறினால் எது எங்கே தொடங்குது என்றே தெரியாது. இடையிடையே அடையாளம் வைத்து, பிழைத்தாலும் அந்த இடத்தில் திரும்பப் பிடிக்கத் தரநிலையில் வழி இருக்கிறது. எங்கட கமரா அதை வைக்கவில்லை. வாசிக்கத் தரவே இல்லாத பெட்டிகளுக்குச் சுழியம் போடப்படும். ஜேபெக்கில் சுழியம் என்றால் கறுப்பு இல்லை, நடுச் சாம்பல்.

அழித்த படம் எப்படித் திரும்பி வந்தது? கார்டில் ஒரு கோப்பை அழித்தால், பட்டியலில் அதன் பெயரின் முதல் எழுத்து மாறும், அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படும். படம் அங்கேயே கிடக்கும், வேறொன்று மேலே வந்து இருக்கும்வரை. கிறிஸ்தோஃப் கிறெனியே எழுதிய ஃபோட்டோறெக் போன்ற மென்பொருள்கள் அந்தப் பட்டியலை நம்புவதில்லை. ஜேபெக் தொடங்கும் இடத்தில் வரும் எஃப்எஃப் டி8 என்ற குறியைக் கார்ட் முழுக்கத் தேடுகின்றன. அதனால் பிழைவிட்டது தெரிந்த உடனே கார்டைக் கழற்றி வையுங்கோ. மீட்டதை அதே கார்டில் சேமிக்கவும் கூடாது. எங்கட விசயத்தில் அம்மம்மாவின் கழுத்துக்குக் கீழே யாரோ ஒருவரின் கலியாண வீட்டுப் படங்கள் எழுதப்பட்டிருந்தன.

இன்னொன்றும் கிடைத்தது. ஜப்பானியக் கமராத் துறையினர் 1995இல் கொண்டுவந்த எக்சிஃப் முறைப்படி, கமராவின் குட்டித் திரையில் கெதியாய்க் காட்டவென்று படக் கோப்பின் தலைப்பகுதியில் 160க்கு 120இல் ஒரு சிறுபடம் ஒளிந்திருக்கும். தலைப்பகுதி தப்பியதால் அதுவும் தப்பியது. முழுப் படம், கதிரை, மடி, கை எல்லாத்தோடும். அச்சடித்தால் அரை அங்குலம்தான் வரும்.

கல்வெட்டின் அட்டைக்குக் கழுத்துவரை மீண்ட பகுதியை வெட்டிக் கொடுத்தோம். முகம் பெரிதாக, நல்ல தெளிவாக வந்தது. சிறுபடத்தை அம்மாவின் போனுக்கு அனுப்பினேன். அவ அதைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, இஞ்ச பார், பாக்குவெட்டி தெரியுது எண்டா. எனக்குத் தெரிந்தது ஆறேழு சாம்பல் சதுரங்கள்.