வாயின் உட்தோல் ஒரு வாசல்: வெற்றிலைக் கூறும் ஒட்டும் மாத்திரையும்

 

நம் சப்ரகமுவ மண்ணில் உயர்ந்து நிற்கும் பாவா ஆதம் மலையில் 1344 ஆம் ஆண்டு ஏறியவர் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. வெற்றிலை போடும் முறையையும் அவர் எழுதி வைத்தார்: பாக்கை நொறுக்கி மெல்வார்கள், பிறகு வெற்றிலையில் கொஞ்சம் சுண்ணாம்பு தடவி அதனோடு சேர்த்து மெல்வார்கள். வெள்ளியும் பொன்னும் கொடுப்பதைவிட வெற்றிலை கொடுப்பதே பெரிய மரியாதை என்றும் சொன்னார்.

அந்தச் சுண்ணாம்புக்கு ஏன் இடம்? பாக்கில் அரெக்கோலின் என்ற பொருள் இருக்கிறது. சுண்ணாம்பின் காரம் பட்டால் அது வாயின் மெல்லிய உட்தோலை எளிதாகக் கடந்து இரத்தத்தில் சேரும். கூறு போட்டதும் உடம்பு சூடாகி, களைப்புத் தெரியாமல் போவது அதனால்தான். விடியக் காலையில் கொழுந்து பறிக்கவும் றப்பர் பால் வெட்டவும் போன நம் தோட்டத்து மக்கள் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

மருத்துவம் இந்த வாசலைப் பிறகுதான் பயன்படுத்தியது. 1879 இல் லண்டன் வைத்தியர் வில்லியம் மரெல் நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் உதவும் என்று எழுதினார். முதலில் தன் நாக்கிலேயே தொட்டுப் பார்த்தார். சற்று நேரத்தில் நாடி பலமாகத் துடித்தது. நெஞ்சுவலிக்காரர் இன்றும் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை அந்த மருந்துதான். விழுங்கினால் ஈரலில் பெரும்பகுதி அழிந்துவிடும். வாய்த்தோல் வழியே போனால் ஈரலைத் தொடாமல் நேரே இரத்தத்தில் கலக்கும்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது: எச்சில் மருந்தைக் கழுவிவிடும். அதற்குத் தீர்வாக வந்தவை ஒட்டும் பொலிமர்கள். ஈரம் பட்டதும் ஊதி, வாயின் வழுவழுப்போடு பின்னிப் பிடித்துக்கொள்ளும். ஜப்பானில் நாகாய் என்ற பேராசிரியரின் குழு 1980களில் வாய்ப்புண்ணுக்கு இப்படியோர் ஒட்டு மாத்திரையைச் செய்தது. புண்மேல் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மருந்தை மெதுவாக விடும்.

இப்போது யோசியுங்கள். கன்னத்தில் அடக்கிய கூறும் அதே வேலையைத்தான் செய்கிறது. மருந்து மாத்திரையில் அளவு உண்டு, கூறில் அளவு இல்லை. வாசலுக்கு மருந்து எது நஞ்சு எது என்று தெரியாது.

புகையிலை சேர்க்காத கூறும் புற்றுநோய் தரும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. 2006, 2007 இல் நம் சப்ரகமுவவிலேயே நகரம், கிராமம், தோட்டம் என்று முப்பது வயதைக் கடந்த 1029 பேரின் வாயைப் பல் வைத்தியர் ஹேமந்த அமரசிங்கவின் குழு சோதித்தது. புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றங்கள் நூற்றுக்குப் பதினொரு பேரிடம் இருந்தன. பெரும் காரணம் தினமும் வெற்றிலை போடுவது.

எங்கள் உம்மும்மாவின் வெற்றிலைத் தட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. அதை நான் வெறுக்கவில்லை. விருந்தாளியை மதிக்கும் பழக்கம் அது. ஆனால் கூறைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குவதை விட்டுவிடச் சொல்லுங்கள்.

இன்றிரவு வீட்டுப் பெரியவர்களின் வாயை டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், மிளகாய் பட்டால் எரிச்சல், வாய் முழுதாகத் திறக்காமை இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். காசு தேவையில்லை. ஆரம்பத்திலேயே பிடித்தால் காப்பாற்றலாம்.

லயத்தில் இருக்கும் உறவுகளுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.