எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் உணவும் உடல் தெம்பும்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அன்றாடம் எதை, எவ்வளவு, எந்த வரிசையில் உண்கிறார் என்பதே அடுத்து வரும் மாதங்களில் அவருடைய தெம்பைப் பெருமளவு முடிவுசெய்கிறது. மருத்துவமனை வழக்கில் 'பேரியாட்ரிக் சர்ஜரி' எனப்படும் இச்சிகிச்சை இரைப்பையைச் சுருக்குகிறது. உடலுக்கு வேண்டிய புரதமும் இரும்பும் வைட்டமின்களும் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. ஒரு நாளின் தேவை முழுவதும் சில கைப்பிடி உணவுக்குள் அடங்கியாக வேண்டும். அறுவைக்குப் பின் வரும் சோர்வில் பெரும்பகுதி இந்த நெருக்கடியிலிருந்து பிறப்பது. "இளைத்தால் அசதி இருக்கத்தான் செய்யும்" என்று வீட்டார் விட்டுவிடுவது தவறு. அந்த அசதிக்குக் காரணம் உண்டு. காலத்துக்குக் காலம் அது மாறும். கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

அறுவையும் பசியும்

இன்று மிகுதியாகச் செய்யப்படுபவை இரண்டு. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் 75 முதல் 80 விழுக்காட்டை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போன்ற குழாயாகத் தைக்கிறார்கள். 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைக்கிறார்கள். உணவு சிறுகுடலின் தொடக்கத்தைத் தொடாமலே இறங்கிவிடும். பைபாஸை 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசனும் சிக்காவோ இட்டோவும் தொடங்கினர். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை இழந்தவர்கள் பிறகு எடை கூடாமலே இருந்ததை மேசன் கவனித்ததுதான் அதற்கு வித்து. அடுத்துப் பல ஆண்டுகள் வயிற்றைத் திறந்தே இந்த அறுவை நடந்தது. சிறு துளைகள் வழியே கருவிகளை நுழைக்கும் லேப்ரோஸ்கோப்பி முறையில் செய்வது 1990களில் வந்தது.

பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற ஹார்மோனை 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மசயாசு கோஜிமாவும் கென்ஜி கங்காவாவும் கண்டறிந்தனர். அது மிகுதியாகச் சுரப்பது இரைப்பையின் மேல்குவட்டில். ஸ்லீவ் அறுவையில் வெட்டி நீக்கப்படுவது அந்தப் பகுதிதான். அதனால் முதல் சில மாதங்கள் பலருக்குப் பசியே தெரிவதில்லை. 'பசித்துப் புசி' என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பெரிய தலைகீழ் மாற்றம். பசிக்காகக் காத்திருந்தால் மாலை வரை ஒன்றும் சாப்பிடாமலே கழிந்துவிடும். மாலையில் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். இந்தக் காலத்தில் கடிகாரத்தைப் பார்த்துத்தான் உண்ண வேண்டும்.

முதல் இரண்டு மாதங்கள்

உணவு படிப்படியாகக் கெட்டியாகிறது. முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம் மட்டும். வாய் வாயாக, ஒரு மிடறுக்கும் அடுத்த மிடறுக்கும் இடைவெளி விட்டு. பிறகு ஏறத்தாழ இரண்டு வாரம் பால், மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், புரதப் பவுடர் கரைத்த பானம். அடுத்த இரண்டு வாரம் மசித்தவை, அதன்பின் குழைந்தவை. ஆறு முதல் எட்டு வாரத்தில் வழக்கமான உணவு. நாட்கணக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடும்.

முதல் வாரங்களில் உள்ளே போவது நாளொன்றுக்கு 400 முதல் 800 கலோரிதான். ஈரலிலும் தசையிலும் சேமித்திருந்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து சில நாட்களிலேயே கரைந்து, உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. இந்த மாற்றத்தின்போது தலைபாரம், கைகால் தளர்ச்சி எல்லாம் வரும், போகும். ஆனால் நீர் குறைவதால் வரும் சோர்வு அப்படித் தானாகப் போகாது. ஒரே மூச்சில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துப் பழகியவரால் இப்போது அது முடியாது. நாளெல்லாம் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் குடித்தாக வேண்டும். எழுந்து நின்றால் தலை சுற்றுவது, சிறுநீர் அடர்மஞ்சளாவது ஆகியவை முதல் அறிகுறிகள். இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரைக்கான இன்சுலினும் பழைய அளவிலேயே தொடர்ந்தாலும் இதே தலைசுற்றல் வரும். எடை இறங்க இறங்க அவற்றின் அளவை மருத்துவர் குறைக்க வேண்டியிருக்கும். தானே நிறுத்துவதும் கூடாது.

தட்டில் முதலிடம் எதற்கு

நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இது கிடைக்காவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். தசை கரைந்தவருக்கு மாடிப்படி ஏறுவதே மலைப்பாகிவிடும். தமிழ் வீட்டுச் சாப்பாட்டின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. நம் தட்டின் நடுவில் இருப்பது சோறு. இரண்டு இட்லியில் ஏறத்தாழ 4 கிராம் புரதம். ஒரு கப் சோற்றிலும் அவ்வளவே. ஒரு கரண்டி சாம்பாரில் இன்னும் குறைவு. சுருங்கிய வயிற்றை இவற்றால் நிரப்பிவிட்டால் பிறகு எதற்கும் இடமில்லை.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும்: முதலில் முட்டை, மீன், கோழி, பன்னீர், பயறு, அடுத்துக் காய், இடம் இருந்தால் கடைசியில் சோறு. காலையில் ஒரு முட்டையும் அரை டம்ளருக்குச் சற்றுக் கூடுதலான பாலும் 11 கிராம் தரும். முற்பகலில் ஒரு கரண்டி புரதப் பவுடர் 20 கிராமுக்கு மேல். மதியம் சிறிய துண்டு மீன் குழம்பு 15 கிராம், மாலையில் கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டல் நான்கைந்து கிராம், இரவு 50 கிராம் பன்னீர் 9 கிராம். எல்லாம் சேர்த்தால்தான் 60ஐத் தொடுகிறது. சைவ உணவுக்காரர்கள் முதல் ஆண்டில் பவுடர் இல்லாமல் இந்தக் கணக்கை எட்டுவது மிகக் கடினம்.

மெல்லுவது, நிதானம் இரண்டும் மருந்துக்குச் சமம். ஒரு வேளைக்கு 20, 30 நிமிடம் ஆகட்டும். பிசுபிசுத்த சோறு, தடித்த சப்பாத்தி, உலர்ந்த கோழிக்கறி ஆகியவை நெஞ்சில் அடைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொல்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதைக் கடைசியில் உண்பது பெண்கள்தான். அறுவை செய்துகொண்ட பெண்ணுக்கு அந்த வழக்கம் பொருந்தாது. மிஞ்சுவது சோறும் குழம்பும். தீர்ந்துபோவது மீனும் முட்டையும். அவருடைய பங்கு முதலில், அவருடைய நேரத்துக்குத் தட்டில் விழ வேண்டும். விருந்துக்குப் போன இடத்தில் "இன்னும் ஒரு வாய்" என்று வற்புறுத்துவதும் அவருக்கு வாந்தியில்தான் முடியும்.

இனிப்பும் திடீர்த் தளர்ச்சியும்

பைபாஸ் செய்தவர்களிடம் அதிகமாகவும் ஸ்லீவ் செய்தவர்களிடம் குறைவாகவும் காணப்படுவது 'டம்பிங்'. பாயசமோ பழச்சாறோ வேகமாகச் சிறுகுடலுக்குள் கொட்டும்போது, அதன் அடர்த்தி உடலிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, படுத்தே ஆக வேண்டும் என்ற தளர்ச்சி. இது முன்வகை. பின்வகை ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும்: சர்க்கரை சட்டென ஏறியதற்கு இன்சுலின் மிகையாகச் சுரந்து, இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுங்கும், பேச்சு குழறும். சாப்பிட்டு நேரமாகிவிட்டதால் உணவோடு இதை யாரும் தொடர்புபடுத்துவதில்லை. அறுவை முடிந்து ஓராண்டுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் வாய்ப்பும் உண்டு. மாவுச்சத்தைத் தனியே உண்ணாமல் புரதத்தோடு சேர்த்து உண்பதும், வேளைகளைச் சிறிதாகப் பிரிப்பதும் பலருக்குப் போதும். அடிக்கடி வருபவர் வண்டி ஓட்டும் முன் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

சத்துக் குறைவின் கால வரிசை

சோர்வு எப்போது வந்தது என்பதே பாதி நோயறிதல். வாரக்கணக்கில் தீர்ந்துபோவது வைட்டமின் பி1. உடல் அதைச் சேமித்து வைப்பது இரண்டு, மூன்று வாரத்துக்குத்தான். விடாமல் வாந்தி எடுப்பவருக்கு நடை தள்ளாடினால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், பேச்சு குழம்பினால் அது அவசரநிலை. அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் மூளைப் பாதிப்பு முற்றிவிடக்கூடும். பக்கத்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் உறவினர் முதலில் சொல்ல வேண்டிய செய்தி, இன்ன அறுவை நடந்திருக்கிறது என்பது.

மாதக்கணக்கில் குறைவது இரும்பு. பைபாஸில் இரும்பை உறிஞ்சும் குடல்பகுதி ஒதுக்கப்படுகிறது. இரண்டு முறைகளிலும் இரைப்பை அமிலம் குறைகிறது. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இது வேகமாக நடக்கும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தாழ்ந்து மூச்சு வாங்கலாம்; இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேட்பது நல்லது. இரும்பு மாத்திரையைக் காப்பி, டீயோடு போட்டால் வீண். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை. முடி கொட்டுவது மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை பலருக்கு நடப்பது; பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும்.

ஆண்டுக்கணக்கில் வெளிப்படுவது பி12. ஈரலில் சில ஆண்டுகளுக்கான இருப்பு இருப்பதால் மாத்திரையை நிறுத்தியவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. பிறகு அசதி, மறதி, உள்ளங்கால் மரத்துப்போவது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் முட்டைகூடத் தொடாதவர்களுக்கும் இது முன்னதாகவே வரும். தினசரி மாத்திரையோ, மாதம் ஒருமுறை 1,000 மைக்ரோகிராம் ஊசியோ வாழ்நாள் முழுதும் தேவை.

ஓராண்டுக்குப் பிறகு

ஆறு மாதம் கடந்தபின் பெரும்பாலோருக்குத் தெம்பு முன்பைவிடக் கூடுகிறது. குறட்டையும் மூச்சுத்திணறலும் குறைந்து தூக்கம் ஆழமாவது இதற்கு ஒரு பெருங்காரணம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி செய்பவரிடம் தசை நிற்கிறது. நடைப்பயிற்சி மட்டும் அதற்குப் போதாது.

பசியும் மெல்லத் திரும்புகிறது. 1987இல் சுவீடனில் தொடங்கிய நீண்டகால ஆய்வில் எடை முதல் ஓரிரு ஆண்டுகளில் மிகத் தாழ்ந்து, பிறகு ஓரளவு ஏறி, அப்புறம் நிலைத்தது. அந்த ஏற்றத்துக்குச் சிறு வயிறு தடையாக இருப்பதில்லை. முறுக்கும் மிக்சரும் ஐஸ்கிரீமும் அடைக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்குபவை, நாளெல்லாம் கொறிக்கலாம். மதுவும் அப்படியே: குறைந்த அளவிலேயே வேகமாக இரத்தத்தில் ஏறும். கருத்தரிப்பதை 12 முதல் 18 மாதம் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். முதல் ஆண்டில் 3, 6, 12ஆம் மாதங்களிலும், அதன்பின் ஆண்டுக்கொருமுறையும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றைப் பரிசோதிக்கிறார்கள். பத்தாண்டு கழித்துக் கால் மரத்துப்போய் வேறொரு மருத்துவரிடம் செல்பவர், என்றோ நடந்த அறுவையை எண்ணிப்பார்ப்பதே இல்லை. வயிற்றிலுள்ள நான்கைந்து சிறு தழும்புகளைக் கண்டு மருத்துவர் கேட்டால்தான் பேச்சு அங்கே போகிறது.