மடுல்சீமையில் ஒரு மஞ்சள் புள்ளி

இலை பேராதனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது!

சென்ற வாரம் மடுல்சீமையில் நின்றோம். கலூலா தோட்டத்தில் ஒரு சில கோப்பிச் செடிகளில் மட்டும் அந்தப் புள்ளி. மேற்புறம் வெளிறிய மஞ்சள். புரட்டினால் அடியில் ஆரஞ்சு நிறத் தூள்.

பூச்சி என்றுதான் எவருக்கும் தோன்றும். தோட்டத் துரைமாருக்குப் பூச்சி புதிதல்ல. செடியின் சாற்றை உறிஞ்சும் செதில் பூச்சிகளோடு பல ஆண்டுகளாக மல்லுக்கட்டியவர்கள் அவர்கள். கோப்பியின் எதிரிகளைப் பற்றி நீட்னர் என்பவர் 1861இல் ஒரு நூலே எழுதியிருந்தார். பூச்சி வரும், சில காலம் ஆட்டிப்படைக்கும், தணிந்துவிடும். அதுதான் அவர்கள் கண்ட அனுபவம்.

ஆனால் இப்போது இலை த்வெயிட்ஸின் கையில் இருக்கிறது.

பேராதனைத் தாவரப் பூங்காவின் இயக்குநர். இலங்கைக்கு வருமுன்பே நுண்ணோக்கியில் பாசிகளை ஆராய்ந்து பெயர் வாங்கியவர். மலைநாடு முழுவதும் தேடினாலும் இந்தத் தூளைப் படிக்க அவரைவிடத் தகுந்த கண் கிடைத்திருக்காது.

அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். தூளில் காலும் இல்லை, கொடுக்கும் இல்லை. வித்திகள்! ஒரு பக்கம் சொரசொரப்பு, மறு பக்கம் வழவழப்பு.

பூச்சி அல்ல. பூஞ்சணம்.

அதிலும் அறிவியல் அதுவரை அறியாத பூஞ்சணம். தானே ஒரு பெயரைச் சூட்டிப் புகழ் தேடியிருக்கலாம் த்வெயிட்ஸ். தேடவில்லை. இங்கிலாந்தில் இருந்த பெர்க்லி பாதிரியாருக்கு அனுப்பினார். அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்தது ஒரு பூஞ்சணமே என்று, மற்றவர்கள் மறுத்தபோதும் அடித்துச் சொன்னவர் பெர்க்லி. 1869 நவம்பரில் அவர் தீர்ப்பு அச்சேறியது: ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்.

அதற்குள் கலூலாவில் சில செடிகள் ஏக்கர்களாகிவிட்டன.

துரைமார் ஏன் பதறவில்லை? அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். விலைதான் காரணம். ஆண்டுக்கு 10 லட்சம் அந்தர் வரை ஏற்றுமதியான பயிர் அது. விளைச்சல் குறையக் குறைய உலகச் சந்தையில் விலை ஏறியது. நோய் தின்றதை விலை ஈடுகட்டியது. ஊவாவில் இன்னும் காடு வெட்டினார்கள், இன்னும் கோப்பி நட்டார்கள். ஒரே செடி, மலைக்கு மலை, இடைவெளியே இல்லாமல். பூஞ்சணத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

1880இல் நோயை ஆராயத் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் வந்து இறங்கினார். வயது 25. பிசுபிசுப்பான திரவம் தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் தொங்கவிட்டார். காற்றில் வந்த வித்திகள் அவற்றில் ஒட்டின. ஈர இலையில் விழும் வித்தி சில மணி நேரத்தில் முளைவிட்டு, அடிப்புறத் துளை வழியாக உள்ளே நுழைகிறது என்று கண்டார். நுழைந்தபின் மருந்து எட்டாது. காற்றைத் தடுக்க மரங்களை நடுங்கள் என்றார்.

துரைமார் கேட்டது மருந்தை. அவர் சொன்னது மரத்தை!

இரண்டே ஆண்டுகளில் வார்ட் புறப்பட்டார். ஏறத்தாழ அதே சமயம் இரண்டாவது எதிரி வந்தது.

இந்தத் தடவை மெய்யாகவே பூச்சி. பச்சைச் செதில் பூச்சி. இலை உதிர்ந்து உதிர்ந்து களைத்த செடி, எஞ்சிய பலத்தைத் திரட்டித் தளிர் விடும். அந்தத் தளிரில்தான் அது ஒட்டிக்கொள்ளும். உறிஞ்சிய சாற்றில் மிஞ்சியதை இனிப்பு நீராகக் கழிக்கும். அதற்காக எறும்புகள் கூடும். பூச்சியைத் தின்னவரும் எதிரிகளை விரட்டும். வழிந்த நீரில் கரும்பூஞ்சணம் படரும். இலை கறுத்து வெயிலை இழக்கும். நோய் வீழ்த்திய செடியைப் பூச்சி எழவிடவில்லை. நலமான கோப்பி அந்தப் பூச்சியைத் தாங்கியிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

கோப்பி சாய்ந்தது. கடன் வாங்கிய தோட்டங்கள் சாய்ந்தன. லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் சம்பளப் பாக்கிக்குக் காத்துக்கிடந்தன.

1884, மே. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. நாடெங்கும் மக்கள் கையில் அதன் பணத்தாள்கள். மாற்றித் தர எவரும் இல்லை.

ஆளுநர் ஆர்தர் கோர்டன் ஒரே நாளில் முடிவெடுத்தாக வேண்டும்: அந்தத் தாள்களுக்கு அரசு பொறுப்பேற்குமா?

(அடுத்த வாரம்)