பத்து மணிக்கு முன்னும் பின்னும்

1907ஆம் ஆண்டின் நாட்டுப்புறப் பாடசாலைச் சட்டம், தோட்டத் தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் துரைமார்மீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இன்னும் ஒரு படி சென்று, அவ்வயதுப் பிள்ளைகளைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கு அனுப்பலாகாது என்று விதித்தது. இவ்விதியை நண்பர்கள் ஒருமுறை திருப்பிப் படித்துப் பார்க்க வேண்டுகிறோம். பத்து மணிக்குப் பின் அனுப்பலாம் என்பதல்லவா அதன் பொருள்? ஏழு வயதுச் சிறுமியின் காலைப் பொழுது சட்டத்துக்கு. மிச்சப் பொழுது மலைக்கு!

பாடசாலை என்று பெயர் பெற்றது பெரும்பாலும் ஓர் அறையும் ஓர் ஆசிரியருந்தான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவை அரிது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டன. 1948இல் பெற்றோரின் குடியுரிமையும் போயிற்று. அரசாங்கம் இப்பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இலேதான். முதற் சட்டத்துக்குப் பின் எழுபது ஆண்டுகள்!

இவ்வரலாற்றைப் பேசும் நாமெல்லாரும் எண்ணிக் காட்டுவது பிள்ளைகளுக்குக் கிடைக்காதவற்றையே. அக்கணக்கு நியாயமானது. ஆயினும் அவர்களிடம் என்ன இருந்தது என்று கேட்டவர் அரிது. மலைக்குப் போன சிறுமி, கிள்ளத்தக்க கொழுந்து எது, முற்றல் எது, எத்தனை இறாத்தலுக்கு முழுப்பேர், எப்போது அரைப்பேர் என்பதையெல்லாம் அறிந்திருந்தாள். காலையில் அவள் உட்கார்ந்திருந்த அறையில் அது அறிவென்று கருதப்படவில்லை.

ருஷ்ய நாட்டிலே டால்ஸ்டாய், யாஸ்னயா போல்யானாவில் குடியானவர் பிள்ளைகளுக்கு 1859இல் பள்ளி திறந்தார். அவரும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு கதை புனைந்தனர். பேனா அவர் கையில். ஆனால் கதைமாந்தர் எப்படி நடப்பர், எதைச் சொல்வர் என்பதில் பிள்ளைகள் அவரை விடாது திருத்தினர். குடியானவர் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்பதா, நாம் அவர்களிடம் கற்பதா என்னும் கேள்வியையே தலைப்பாக்கி அவர் 1862இல் ஒரு கட்டுரை எழுதினார். பிரபு ஒருவர் கேட்ட கேள்விதான். எனினும் ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு அது இன்னும் குத்துகிறது.

எமக்கு அது குத்திய நாளைச் சொல்ல வேண்டும். அட்டன் பக்கத்துப் பாடசாலையொன்றில், கணித ஆசிரியர் இல்லாக் குறைக்குத் தமிழ் படித்த நாம் ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருத்தி காலையில் 11 கிலோவும் மாலையில் 9 கிலோவும் கொழுந்து பறித்தால் மொத்தம் எவ்வளவு? மாணவி ஒருத்தி 16 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் கோடிட்டோம்.

"சாக்குக்கும் ஈரத்துக்கும் நிறுவைக்கு ரெண்டு கிலோ கழிச்சிருவாங்க சேர். ரெண்டு நிறுவைக்கு நாலு. அம்மாவுக்கு அப்படித்தான் எழுதுறாங்க."

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் சொன்னது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. தெரியாதவர் நாம் ஒருவரே. அக்கோட்டை அழித்தோம். அந்தக் கழிவு ஏன், எவர் விதித்தது, மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்று அன்றைய பாடம் முழுவதும் அவர்களே கணக்கிட்டார்கள். நாம் கரும்பலகையில் எழுதினோம்.

மணி அடித்தபின் அவள் அருகே வந்தாள். "பரீட்சையில எத்தனைன்னு எழுதணும் சேர்?"

"இருபது" என்றோம்.